துணைக்கருவிகள்

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில்
சார்ட் அட்டை பத்து வாங்கினேன்.
மஞ்சள் நாலு, பச்சை நாலு,
மிச்சம் இரண்டும் கடைக்காரர் சொன்ன கலர்.
"ஸ்கூலுக்கா டீச்சர்?" என்று கேட்டு
ஐந்து ரூபாய் குறைத்தார்.
மினுக்குத்தாளுக்குக் குறைக்கவில்லை.

சுருட்டிய அட்டை மடியில் கிடக்க
உசிலம்பட்டி பஸ்ஸில்
சுவரை யோசித்துக்கொண்டே வந்தேன்.
எங்கள் சுவருக்கு செல்லோடேப் ஆகாது,
உரித்தால் சுண்ணாம்பும் கூடவே வரும்.
போன வருஷம் மைதாப் பசை காய்ச்சினேன்.
லீவு முடிந்து வந்து கதவைத் திறந்தால்
எனா அட்டையில்
எலிப் படத்தை மட்டும் விட்டுவிட்டு
எழுத்தைத் தின்றிருந்தது எலி.

இந்த வருஷம் சணல்.
ஜன்னல் கம்பிக்குக் கம்பி இழுத்துக் கட்டி
துணிக் கிளிப்பில் தொங்கவிடலாம்.

ஞாயிறு ராத்திரி,
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
அட்டையின் ஒரு முனையில் அரிசி டப்பா,
மறுமுனையில் என் கால்.
ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை
ஒரே அறை, ஒரே நான்.
அதற்குள் மூன்று கூட்டம்:
எழுத்துப் பிடிபடாதது அரும்பு,
எழுத்துக்கூட்டுவது மொட்டு,
தட்டாமல் வாசிப்பது மலர்.
மலருக்கு மினுக்குத்தாளில் ஐந்து இதழ் வெட்டினேன்.
மொட்டுக்குச் சாதாப் பச்சை.
அரும்புக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு,
மிச்சத் துண்டில் ஏதோ வெட்டினேன்,
மிளகாய் விதை மாதிரி வந்தது.

பாடக்குறிப்பேட்டில் கோடு போட்டேன்.
நோக்கம், துணைக்கருவிகள், செயல்பாடு,
கடைசிக் கட்டம் கற்றல் விளைவு:
'பூவின் வளர்நிலைகளை
மாணவர் வரிசைப்படுத்துவர்.'

திங்கள்.
சோனைமுத்து பத்து மணிக்கு வந்தான்.
என்றைக்கும் பத்து மணிதான்.
விடியுமுன்னே அம்மாவோடு
நெற்றியில் டார்ச் கட்டி
மல்லிச் செடிக்குள் குனிகிற பிள்ளை.
மூன்றாம் வகுப்பு, அரும்புக் கூட்டம்,
இரண்டாம் பீரியட் தூக்கம்.

சணலை அண்ணாந்து பார்த்தான்.
"டீச்சர், தப்பா மாட்டிருக்கீங்க."
எதுடா?
"மலர்ந்துட்டா யாரு வாங்குவா?
மாட்டுத்தாவணி போறதுக்குள்ள விரிஞ்சிருச்சுன்னா
யாவாரி அள்ளித் தனியாத் தள்ளிருவாரு.
மொட்டுக்குத்தான் காசு."
அப்ப அரும்பு?
"அதப் பறிச்சா அம்மா வையும்.
அது நாளைக்கு உள்ளது."

மலர்க் கூட்டத்து யோகப்பிரியா
தன் பேர் எழுதிய மினுக்கு இதழைப் பிடித்துக்கொண்டு
விசும்ப ஆரம்பித்தாள்:
"அப்ப என்னைய யாருமே வாங்க மாட்டாங்களா டீச்சர்?"
யாரும் யாரையும் வாங்கப்போவதில்லை, உட்கார் என்றேன்.
சொன்னது சரியா என்று
எனக்கே நிச்சயமாய்த் தெரியவில்லை.

பாடத்தைக் கணக்குக்குத் திருப்பினேன்.
இன்னைக்கு எத்தனை கிலோடா?
"நானும் அம்மாவும் மூணரை."
பறிகூலி?
"கிலோ எழுபது."
நான் சாக்பீஸ் தேடுவதற்குள்
"எரநூத்து நாப்பத்தஞ்சு" என்றான்.
பலகையில் எழுதச் சொன்னேன்.
இரண்டு சரியாக வந்தது.
நாலைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் போட்டான்.
ஐந்துக்கு என் முகத்தைப் பார்த்தான்.
விரலிலிருந்து சாக்பீஸ் வாங்கும்போது
பச்சைக் காம்பு வாசம்.

அன்று சாயங்காலம்
'வரிசைப்படுத்துவர்' மேல் ஒரு கோடு இழுத்தேன்.
பதிலுக்கு எழுத
ஒன்றும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியை இருதயமேரி
குறிப்பேட்டைப் புரட்டினார்.
"கற்றல் விளைவு காலியா இருக்கே?"
யோசிச்சுக்கிட்டு இருக்கேன் டீச்சர்.
"யோசிங்க. ஆனா எழுதிருங்க,
ஆய்வுக்கு வந்தா நான்தான் பதில் சொல்லணும்."
காலிக் கட்டத்துக்குக் கீழே
சிவப்பு மையில் 'பார்வையிட்டேன்', கையெழுத்து, தேதி.
எழுந்து சணலை ஒரு சுற்று பார்த்தார்.
"மலர் நல்லா மின்னுது.
இது என்ன கடைசில,
மிளகா வெதையா?"